சமையல், தையல், தச்சு: பருவத்துக்கு ஒன்றா, ஆண்டுக்கு ஒன்றா?

பள்ளியில் கைத்தொழில் பாடம் வேண்டும் என்று முடிவான பிறகுதான் உண்மையான வாதம் தொடங்குகிறது. வாரத்துக்குக் கிடைக்கும் ஓரிரு பாடவேளையை எப்படிப் பங்கிடுவது? ஒரு வழி சுழற்சி முறை. பருவத்துக்கு ஒன்றாகச் சமையல், தையல், தச்சு என்று எல்லாப் பிள்ளைகளும் சுற்றி வருவார்கள். இன்னொரு வழி, ஆண்டு முழுக்க ஒரே தொழிலில் உட்காருவது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமையலுக்குச் சுழற்சி பொருந்தும், மற்ற இரண்டுக்கும் பொருந்தாது.

சுழற்சியின் பெரிய பலம் நியாயம். பையன்களுக்குத் தச்சு, பெண் பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் என்ற பிரிவினை பல நாடுகளில் நெடுங்காலம் நீடித்தது. பின்லாந்தில் கல்வியாளர் ஊனோ சிக்னேயுஸின் முயற்சியால், ‘மக்கள் பள்ளி’ எனப்பட்ட பொதுத் தொடக்கப் பள்ளிகளில் 1866-லேயே கைவேலை பாடமாகிவிட்டது. அங்கேயும் அது தச்சு, துணி என இரண்டு கிளைகளாகவே வளர்ந்தது. 2016-ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் இரண்டும் எல்லாருக்கும் பொதுவான ஒரே பாடமாக இணைந்தன. ‘பிடித்ததை எடுத்துக்கொள்’ என்று பிள்ளைகளிடம் விட்டால், பெரும்பாலும் பழைய கோட்டிலேயே போய் நிற்பார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் தொட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கருவிகளை எடுத்து வைக்க 5 நிமிடம், கடைசியில் சுத்தம் செய்ய 10 நிமிடம் போனால் வேலைக்கு மிஞ்சுவது 25 நிமிடம். ஆண்டுக்கு 36 வாரம், வாரம் ஒரு வேளை, மூன்று தொழில் என்றால், தொழிலுக்கு 12 வேளை. மொத்தம் ஐந்தே மணி நேரம்! இரண்டு வேளையை ஒன்றாகச் சேர்த்து 80 நிமிடம் கொடுத்தால் வேலை நேரம் 65 நிமிடம் ஆகிறது. அதே 12 வாரத்தில் 13 மணி நேரம். எந்த முறையைத் தேர்ந்தாலும் சரி, இரட்டை வேளை இல்லாமல் தொடங்கவே கூடாது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தவறு செய்தால் ஒவ்வொரு தொழிலும் என்ன செய்கிறது என்பதுதான் அது. சமையலில் பலன் அன்றைக்கே தெரிந்துவிடும். சூப்பில் உப்பு கூடிவிட்டால் வகுப்பு முடிவதற்குள் நாக்கே சொல்லிவிடும், அடுத்த வாரம் புதிதாகத் தொடங்கலாம். ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுமையானது என்பதால், கத்தி பிடிக்கும் விதம், பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, அடுப்பின் சூடு எல்லாம் சில வாரங்களிலேயே பழகிவிடும். துணியில் தவறினால் பிரித்துத் தைக்கலாம். பிரிப்பதே நல்ல பாடம், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தையல் இயந்திரத்தில் நூல் கோக்கும் வரிசை கைக்கு வரவே சில வகுப்புகள் பிடிக்கும்.

மரம் மன்னிக்காது. கோடு போட்டுவிட்டு ரம்பத்தைச் சரியாகக் கோட்டின் மேலேயே வைத்து அறுக்கிற பிள்ளையைப் பாருங்கள். ரம்பப் பல்லின் கனமும் மரத்தைத் தின்கிறது, துண்டு அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். கழிவாகப் போகும் பக்கத்தில் ரம்பம் ஓட வேண்டும், கோடு துண்டோடு தங்க வேண்டும். வாயால் சொன்னால் ஒரு நிமிடம்தான். கை கற்றுக்கொள்ளப் பல துண்டுகள் வீணாக வேண்டும். அப்புறம் இழைப்புளியை இழை ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளினால் மரம் பிய்ந்துவரும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து மணி நேரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அதனால் என்ன நடக்கிறது? ஆசிரியரே முந்தின நாள் எல்லாத் துண்டுகளையும் அறுத்து வைத்துவிடுகிறார். பிள்ளை உப்புத்தாள் தேய்த்து, பசை போட்டு ஒட்டி, வண்ணம் பூசி வீட்டுக்குக் கொண்டுபோகிறது. பார்க்க அழகாக இருக்கும், கற்றது குறைவு. ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கைவேலை ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஓட்டோ சாலமோன், மாணவரின் வேலையில் ஆசிரியர் கைவைக்கவே கூடாது என்றார். எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக ஏறும் மாதிரிப் பொருள்களை வரிசைப்படுத்தியதும் அதற்காகத்தான். அந்த வரிசையில் ஏற ஒரு பருவம் எந்த மூலைக்கு?

மறுமுனையில் இருப்பது 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. ஜாகிர் உசேன் குழு வகுத்த அந்தத் திட்டத்தில், ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் ஒரே கைத்தொழிலுக்கு. ஆழம் கேட்டால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு தொழிலோடு நின்றுவிடுகிற பிள்ளை மற்றவற்றைத் தொடாமலே போகலாம். மற்ற பாடங்களையும் அந்த நாளுக்குள்ளேயே நெருக்க வேண்டியிருக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது இது. தச்சையும் தையலையும் ஆண்டு மாற்றி ஆண்டு எல்லாருக்கும் வைக்கலாம், இரட்டை வேளையாக. சமையலை ஒவ்வோர் ஆண்டும் ஆறேழு வாரத் தொகுதியாக இடையில் செருகலாம். வயது ஏற ஏற அதே சமையல் வேறு பாடமாகும். முதல் ஆண்டில் வெட்டுவதும் வேகவைப்பதும், பின்னால் மாவு ஏன் பொங்குகிறது என்பதும். சொந்தமாக வடிவமைக்கும் வேலையை அந்தந்தத் தொழிலுக்கான ஆண்டின் கடைசிப் பருவத்தில் வைத்தால் போதும். இரண்டு மரத்துண்டை இணைக்கத் தெரியாத பிள்ளையிடம் ‘உன் கற்பனைப்படி செய்’ என்றால் காகிதத்தில் மட்டும்தான் கற்பனை வரும்.

இடமும் பணமும் குறைவான பள்ளி தையலில் இருந்து தொடங்கட்டும். ஊசி, நூல், பழைய துணி இருந்தால் சாதாரண வகுப்பறையே போதும், தண்ணீர்க் குழாயும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம். தச்சுக்கு உறுதியான மேசையும் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் அவசியம். நாற்பது பேரை ஒரே நேரத்தில் உளியோடு நிறுத்துவது ஆபத்து, வகுப்பைப் பாதியாகப் பிரிக்க முடிந்த பிறகு தொடங்குவதே நல்லது.