செய்தித் துணுக்குகளில் தேட: பேஸ்எக்ஸா, எஸ்க்யூலைட்டா?

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பற்றி வரும் நாளிதழ்ச் செய்திகளை நானும் அண்ணனும் தண்டையார்பேட்டை வீட்டில் தட்டச்சு செய்து சேர்க்கிறோம். நாள், ஊர், தலைப்பு, பத்திகள் என்று ஒவ்வொன்றும் பகுதி பகுதியாகக் குறியிட்ட ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த செய்திகளை மட்டும் பிரித்தெடுக்கத்தான் பேஸ்எக்ஸ் (எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கான தரவுத்தளம்), எஸ்க்யூலைட் (அட்டவணைகளில் சேமிக்கும் தரவுத்தளம்) இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது கையில் இருப்பது எஸ்க்யூலைட்டின் சொல்தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5.

இரண்டும் இலவசம், இரண்டிலும் ஆண்ட் (இரண்டு சொல்லும் வேண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று போதும்), நாட் (இந்தச் சொல் வேண்டாம்) உண்டு. ஆருக்கு முன்னால் ஆண்ட் கணக்கில் வரும். 'காசிமேடு ஆர் எண்ணூர் ஆண்ட் எண்ணெய்' என்று கேட்டால் காசிமேட்டு மீன் ஏலச் செய்தியெல்லாம் கொட்டும். 'காசிமேடு ஆர் எண்ணூர்' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள்.

பேஸ்எக்ஸின் பலம் கட்டமைப்பு. இரண்டு சொல்லும் ஒரே பத்திக்குள் வரவேண்டும் என்று நேராகக் கேட்கலாம். எஸ்க்யூலைட்டில் இதற்காகப் பத்திக்கு அட்டவணையில் ஒரு வரிசை என்று நானே பிரித்துப் போட்டேன்.

ஆனால் பராமரிப்பில்தான் முடிவு மாறியது. பேஸ்எக்ஸில் புதுக் கோப்பு சேர்த்தால் முழுவுரைச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) கூடவே வளராது. ஆப்டிமைஸ் என்ற கட்டளை கொடுத்து மறுபடி கட்ட வேண்டும். தானாகக் கட்டவும் வைக்கலாம், ஆனால் ஒரு துணுக்கு சேர்ந்தாலும் மொத்தமும் திரும்பக் கட்டப்படும். நாங்கள் தினமும் இரவில் நாலைந்து சேர்ப்பவர்கள். அண்ணன் கட்ட மறந்த நாளில் தேடல் இழுத்துக்கொண்டே போகும். எஃப்டிஎஸ்5-இல் வரிசை உள்ளே போகும்போதே சொல்லடைவும் சேர்ந்துவிடுகிறது. நினைவு வைக்க ஒன்றுமில்லை.

சரி, இதிலும் ஒரு பள்ளம் உண்டு, தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் விழுவார்கள். எஃப்டிஎஸ்5-இன் வழக்கமான சொல்பிரிப்பான் (உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி) புள்ளியையும் கால், கொம்புகளையும் எழுத்தாகவே எண்ணாது. அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். 'மீன்' என்பது ம, ன என்று இரண்டு துண்டாகும். 'மான்' என்பதும் அதே இரண்டு துண்டுதான். மீனைத் தேடினேன், மானும் வந்தது. அட்டவணை உருவாக்கும்போதே யூனிகோட்61 என்பதோடு (அந்தச் சொல்பிரிப்பானின் பெயர்) எதையெல்லாம் எழுத்தாக எண்ண வேண்டும் என்று சொல்லும் கேட்டகரீஸ் பட்டியலில் எம்என், எம்சி இரண்டையும் (புள்ளி, கால், கொம்புகளின் யூனிகோட் வகைகள்) சேர்த்தால் சரியாகிவிடும். அப்புறம் 'எண்ணூர' என்று புள்ளி வைக்காமல் எழுதிக் கடைசியில் நட்சத்திரக்குறி போடுங்கள்: எண்ணூர், எண்ணூரில், எண்ணூருக்கு எல்லாம் ஒரே வீச்சில் கிடைக்கும்.

எங்களிடம் இருப்பது சில ஆயிரம் பத்திகள்தான். லட்சக்கணக்கில் ஏற்றி இரண்டையும் நான் சோதித்ததில்லை.