தொடலிக் கணக்குக்கு இயல்பொத்த முக்கோணியா, பைதகரசா?

ஹட்டனில் பதினோராம் தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். வட்டம் வந்தாலே வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சி மையத்தைத் தேடி ஆரையைக் கீறி, செங்கோண முக்கோணிக்கான பைதகரஸ் தேற்றத்தைப் போடும், மற்றது கோணங்களைக் குறித்துக்கொண்டு இயல்பொத்த முக்கோணி, அதாவது கோணங்கள் சமமாக, பக்கங்கள் ஒரே விகிதத்தில் உள்ள முக்கோணி தேடும். நான் இரண்டாவது கட்சி, ஆனால் எப்போதும் இல்லை.

போன கிழமை போட்ட கணக்கைப் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே ப என்ற புள்ளி. அங்கிருந்து கீறிய தொடலி (வட்டத்தை ஒரே புள்ளியில் தொடும் கோடு) த இல் தொடுகிறது, இன்னொரு கோடு வட்டத்தை முதலில் க இலும் பிறகு ச இலும் வெட்டுகிறது. பக 4 செ.மீ., கச 5 செ.மீ. என்றால் பத எவ்வளவு?

இயல்பொத்த முக்கோணி வழியில், த ஐ க, ச இரண்டோடும் இணைத்தால் போதும். ப இல் உள்ள கோணம் பதக, பசத என்ற இரண்டு முக்கோணிக்கும் பொது. தொடலிக்கும் நாண் தக வுக்கும் இடையிலான கோணம் ஒன்றுவிட்ட துண்டத்தில் (நாணுக்கு மறுபக்கத்து வட்டத் துண்டத்தில்) ச இல் இருக்கும் கோணத்துக்குச் சமம். ஆகவே பத : பச = பக : பத, அதாவது பத² = 4 × 9 = 36, விடை 6. மையம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவசரத்தில் பாதிப் பேர் 4 × 5 என்று போட்டு 20 இன் வர்க்கமூலத்தில் போய் நின்றார்கள். பச முழு நீளம், கச அதன் துண்டு. அடுத்த தொல்லை உச்சிகளை ஒழுங்கு மாற்றி எழுதுவது, அதோடு விகிதம் குழம்பிவிடும்.

பைதகரஸ் கட்சிக்கு மையம் ம வேண்டும், தொடலி ஆரை மத வுக்குச் செங்குத்து என்பதால் பத² = பம² − மத². கோடு மையத்தூடாகப் போனால் சுகம்: ஆரை 2.5, பம 6.5, 42.25 இலிருந்து 6.25 போனால் 36. மையத்தூடாகப் போகாவிட்டால் ம இலிருந்து நாணுக்குச் செங்குத்து இறக்க வேண்டும், அதன் நீளம் தெரியாது, பிள்ளை பேனையை வைத்துவிடும். எழுதிக்கொண்டே போனால் அந்த நீளம் தானாக வெட்டுப்பட்டு அதே 36 வரும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். சொன்னால் சிரிப்பீர்கள், யூக்ளிட்டே இதை மூன்றாம் நூலின் 36ஆவது கூற்றில் பைதகரசை வைத்துத்தான் நிறுவினார், இயல்பொத்த முக்கோணி அவருக்கு ஆறாம் நூலில்தான் வருகிறது!

பத² = பக × பச என்ற சூத்திரத்தைப் பாடமாக்கி நேரே போடுகிற மூன்றாவது வழியும் உண்டு. விடை மட்டும் கேட்டால் சரி, 'நிறுவுக' என்று கேட்டால் உதவாது.

ஆரை பெரிதானால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர், பூமியின் ஆரை சுமார் 6,371 கிலோமீற்றர். உச்சியிலிருந்து அடிவானத்துக்குப் போகும் பார்வைக்கோடும் தொடலிதானே. பைதகரஸ் போட்டால் ஆரையும் மலை உயரமும் சேர்ந்த 6373.243 இன் வர்க்கத்திலிருந்து 6371 இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும், கல்குலேட்டர் இல்லாமல் அது தண்டனை (வர்க்க வித்தியாசமாக்கித் தப்பலாம், ஆனால் அப்போது அதுவும் பெருக்கம்தான்). இயல்பொத்த வழியில், உச்சியிலிருந்து மையத்தூடாகப் போகும் கோட்டில் பக மலை உயரம், பச அதோடு பூமியின் விட்டமும்: 2.243 × 12744.243, ஒரே பெருக்கம், வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 169 கிலோமீற்றர். காற்றில் ஒளி வளைவதைச் சேர்க்கவில்லை.

விடையைப் பலகையில் எழுதியதும் பின்வாங்கிலிருந்து ஒருவன், "169ஆ சேர்? இங்க எதிர் மலையே மூட்டத்தில தெரியல்ல" என்றான்.