'லே அடுய்' என்றார்கள், நாங்கள் நடுங்கிப் போனோம்

ஏழு வருடம் கழித்து இலங்கையில் உள்ள ஊருக்குப் போனேன். ரயிலையும் பனியையும் பற்றி எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அந்தக் காலைதான் மனதை விட்டுப் போகவில்லை.

அக்கா மகளுக்கு பிரஷர் ஏறி, 33 வாரத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். 1.5 கிலோ. மறுநாள் காலை வார்டிலிருந்து வந்த ஒருவர் சிங்களத்தில் "லே அடுய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரத்தம் குறைவு. எங்களுக்குப் புரிந்தது அவ்வளவுதான். மச்சான் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போன் போட்டு இரத்தம் கொடுக்க ஆள் கூப்பிட்டார். மாசமாக இருக்கும்போது பிள்ளை கீரையே தொடவில்லை, அதனால்தான் என்று அக்கா அழுதாள். விசாரிக்கப் போனால் "டொக்டர் வருவார்" என்ற பதில்தான். நாலு மணி நேரம்!

லண்டனில் என் மகன் குறைமாதத்தில் பிறந்தபோது, என் மனைவிக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள். இங்கே 1987இலேயே தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. தோட்டத்துத் தாய்மார் நிறைந்த வார்டில் அதற்கு ஒரு ஆள் இல்லையா?

மதியம் வேலைக்கு வந்த சிங்கள மிஸ்ஸிதான் (தாதிதான்) எங்கள் வயிற்றில் பால் வார்த்தார். "ஐயா, இரத்தம் இல்ல. பிளேட்லட். டெங்குல குறையுமே, அது."

பிறகு டொக்டரும் வந்து விளக்கினார். பிளேட்லட் என்றால் இரத்தத்தை உறைய வைக்கும் நுண்ணிய அணுக்கள். ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது குழந்தைக்கு 72,000 ஆக இருந்தது. காலில் குத்தி எடுத்த இரத்தம் உறைந்தாலும் எண்ணிக்கை குறைத்துக் காட்டும் என்பதால், நரம்பிலிருந்து எடுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். தாய்க்கு பிரஷர் ஏறினால் நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாது, குழந்தை சிறுத்துப் போகும், பிளேட்லட் உற்பத்தியும் மந்தமாகும். இந்த வகை முதல் மூன்று நாளுக்குள் தெரியும், நாலைந்து நாளில் இன்னும் இறங்கி, பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானாக ஏறிவிடும். மூன்று நாளுக்குப் பிறகு புதிதாகக் குறைந்தால்தான் கிருமித் தொற்றை முதலில் சந்தேகிப்பார்களாம். சில குழந்தைகளுக்கு, தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளே உள்ளே போய் பிளேட்லட்டை அழிக்கும். அது வேறு கதை. கீரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் அக்கா ஒரு வாய் தேநீர் குடித்தாள்.

"பிளேட்லட் ஏற்ற மாட்டீர்களா?" என்று கேட்டேன். இரத்தக் கசிவு இல்லாமல் 25,000க்கு மேல் இருந்தால் பொறுத்துப் பார்ப்பதே நல்லது என்றார். 2019இல் வந்த ஒரு ஆய்வு, 660 குறைமாதக் குழந்தைகளை வைத்து, அதைத்தான் காட்டியிருக்கிறது. வைத்தியத்தில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தனையும் ஒரு சதம் வாங்காமல் செய்தார்கள்.

ஐந்தாம் நாள் 48,000. ஒன்பதாம் நாள் 1,60,000. அன்று சாயந்தரம் டொக்டர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி, அந்த மிஸ்ஸியிடம் கொடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மம்மா வந்து, "வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார்.