முன் நாடியா, பின் நாடியா?

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கணைக்கால் சதை போனவர்களின் வீட்டார் என்னிடம் கேட்பது: "தொடைச் சதையை எடுத்து வைப்பார்களாம், அதற்கு இரத்தம் எந்த நாடியிலிருந்து வரும்?" பெரும்பாலும் இரண்டில் ஒன்று: முன் கணைக்கால் நாடி அல்லது பின் கணைக்கால் நாடி.

இடம்: முன் கணைக்கால் நாடி முன்பக்கத் தசைகளுக்குள் ஓடும். பின் நாடி கெண்டைத் தசைக்கு அடியில்.

அடி: எலும்பு முறிந்தால் முன் நாடி எளிதில் சேதமாகும். பின் நாடி பல நேரம் தப்பிவிடும். வைத்தியர்கள் பலர் பின் நாடியை விரும்புவதும் இதனால்தான்.

எட்டுவது: முன் நாடி வெளிப்பக்கப் புண்ணுக்குக் கிட்ட. பின் நாடி மேலே ஆழம், கணுக்கால் உட்பக்கத்தில் கைக்கு எட்டும்.

எதுவானாலும் எடுத்து வைக்கும் சதையின் நாடியை, நசுங்கிய பகுதியைத் தாண்டி, நல்ல நாடியில்தான் தைக்க வேண்டும். கூடவே ஓடும் நாளமும் (இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்) நன்றாக இருக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதத்துக்கு ஒரே நாடிதான் மிச்சம் என்றால் அதை வெட்டாமல் பக்கவாட்டில் துளையிட்டு இணைப்பார்கள். பாதத்துக்கு இரத்தம் தொடர்ந்து போகும்.

உட்பக்கப் புண்ணுக்கும் மோசமான முறிவுக்கும் பின் நாடி. வெளிப்பக்கப் புண், முன் நாடியில் துடிப்பும் நன்று என்றால் அதுவே சரி. சந்தேகமென்றால் சிடி அஞ்சியோகிராம் (நாடிகளைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.