அயனைசரும் எங்கள் போர்வெல் தண்ணீரும்

வாட்டர் அயனைசர், அதாவது குழாய்த் தண்ணீரில் கரண்ட் பாய்ச்சிக் காரத் தண்ணீராக்கித் தரும் மெஷின், விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கோவையிலிருந்து நண்பன் கேட்டான். அவன் கேட்டது, என் வீட்டு அயனைசரைப் பழுது பார்த்த சர்வீஸ்காரர் என் கையில் பில்லைக் கொடுத்துவிட்டுப் போன அதே வாரம். அதனால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சென்னை மேடவாக்கம் பக்கம். போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் சம்ப்பில் கலந்து மேலே ஏறும். தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் ஆயிரத்தை ஒட்டி நிற்கும், கோடையில் தாண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் 500-க்குள் இருந்தால் நல்லது என்கிறது; வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை விடுகிறது. நாங்கள் அந்த இரண்டாவது கூட்டம்.

எத்தனை பொத்தான், திரையில் என்ன நிறம் என்பதையெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். பாட்டிலில் சொட்டு மருந்து விட்டு ஊதா நிறம் காட்டுவார். அது pH, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் சாயம், அவ்வளவுதான். ஆப்ப சோடா கலந்த தண்ணீரும் கிட்டத்தட்ட அதே நிறத்துக்குப் போகும். அவர் வாயில் வராத விஷயம் ஒன்றுதான்: உப்புப் படிவு.

உள்ளே நடப்பது சிக்கலான வேலை இல்லை. தண்ணீர் முதலில் கார்பன் ஃபில்டருக்குப் போகிறது, குளோரின் வாடை அங்கேயே நின்றுவிடும். அடுத்தது செல், அதாவது தண்ணீருக்குள் கரண்ட் பாயும் பெட்டி. பிளாட்டினம் பூசிய டைட்டானியத் தகடுகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய சவ்வு. டிசி கரண்ட் பாய்ந்ததும் மைனஸ் தகட்டில் ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும், அந்தப் பக்கத் தண்ணீர் காரமாகும். பிளஸ் தகட்டில் ஆக்சிஜன் கிளம்பும், அந்தப் பக்கம் அமிலமாகும். காரத் தண்ணீர் மேலே வளைகுழாயில் வருகிறது, அமிலத் தண்ணீர் சாம்பல் நிற ட்யூப் வழியாக சிங்க்கில் போகிறது. எங்கள் தண்ணீரில் குளோரைடு அதிகம் என்பதால் அந்த ட்யூப் பக்கம் குனிந்தால் லேசாக நீச்சல்குள வாசம் அடிக்கும்.

இனிதான் வில்லங்கம். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சவ்வைத் தாண்டி மைனஸ் தகட்டின் பக்கம் ஓடி வருகின்றன. காரம் அங்கேதான் கூடுகிறது. கால்சியமும் காரமும் கூடும் இடத்தில் சுண்ணாம்பு கட்டாமல் என்ன செய்யும்? பிடித்து வைத்த கண்ணாடி பாட்டிலில் மறுநாள் அடியில் வெள்ளையாக மாவு இறங்கியிருக்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். வீட்டுக்கு வந்த அத்தை ஒருநாள், “பாட்டில் கழுவுறதே இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டார். என் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தகடுகளில் இந்தப் படிவு கட்டாமல் இருக்க மெஷினே ஒரு உபாயம் வைத்திருக்கிறது. அவ்வப்போது பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டுக்கொள்ளும். மைனஸாக இருந்த தகடு பிளஸ்ஸானதும் அங்கே அமிலம் சுரந்து படிவைக் கரைக்கும். நல்ல யோசனை, மறுக்கவில்லை. மிதமான தண்ணீருக்கு அது போதும். எங்கள் தண்ணீருக்குப் பத்தாது. அதுவும், விருந்தாளி டம்ளரோடு நிற்கும்போதுதான் “சுத்தம் செய்யப்படுகிறது, இந்த நீரைக் குடிக்க வேண்டாம்” என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அறிவிக்கும்.

கடைசியாக வந்த பழுதைச் சொல்கிறேன். தண்ணீர் வருகிறது, திரை எரிகிறது, ஆனால் சாயம் பச்சையைத் தாண்டவில்லை. சர்வீஸ்காரர் திறந்து, ஃப்ளோ சென்சரை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் சக்கரம், அதில் குட்டிக் காந்தம். தண்ணீர் ஓடினால் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றுவதைப் பார்த்துத்தான் போர்டு செல்லுக்குக் கரண்ட் விடும். சக்கரத்தின் அச்சில் உப்பு கட்டி அது அசையவே இல்லை. தண்ணீரே வரவில்லை என்று நினைத்து மெஷின் சும்மா இருந்திருக்கிறது! சக்கரத்தைச் சுத்தம் செய்து, செல்லுக்குள் சிட்ரிக் ஆசிட் கரைசலைப் பம்ப் வைத்துச் சுற்ற விட்டார். வெளியே வந்தது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. செல்லைப் பிரிக்க முடியாது, சீல் வைத்தது. அடைத்துக்கொண்டால் முழுசாக மாற்ற வேண்டும் என்றார். விலையைக் கேட்டதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஆர்ஓ தண்ணீரை முன்னால் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். உப்பு இல்லாத தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, மெஷின் இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கால்சியத்தை எடுக்கும் சாஃப்ட்னர் போட்டால் படிவு குறையும், ஆனால் கால்சியம் இருந்த இடத்தில் சோடியம் வந்து உட்காரும். பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பாவை வைத்துக்கொண்டு அதற்கு நான் தயாரில்லை. இன்னொன்று, அயனைசர் உப்பை எடுக்கிற மெஷினே இல்லை. மீட்டரில் முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் வராது.

ரத்தம் காரமாகும், புற்றுநோய் ஓடும் என்கிற பேச்சையெல்லாம் நம்பி வாங்காதீர்கள். ரத்தத்தின் pH 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, நாம் குடிக்கும் தண்ணீரைக் கேட்டு அவை நடப்பதில்லை. ஜப்பானில் இதை வீட்டு மருத்துவச் சாதனமாக அங்கீகரித்திருப்பது வயிற்று உபாதைகளுக்கு மட்டும்தான். மாத்திரையை இந்தத் தண்ணீரில் விழுங்கக் கூடாது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும்.

சரி, நல்லதே இல்லையா? இருக்கிறது. பிடித்த கையோடு டம்ளரில் பால் போல வெண்மை கலங்கி, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும். குமிழ்கள் ஏறிப் போவதால் வரும் கலங்கல் அது. அந்த முதல் டம்ளரின் சுவைக்கு ஈடில்லை; வழவழவென்று தொண்டையில் இறங்கும். கார்பன் ஃபில்டர் மட்டும் போட்டுக் குடித்தும் பார்த்தேன், பாதி சுவைதான் வந்தது. என் நெஞ்செரிச்சலும் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்க ஆரம்பித்ததும் அதே சமயம்தான் என்பதால் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டீக்கு மட்டும் வேண்டாம், டிக்காஷன் கருத்துப்போகிறது.

நண்பனுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். சிறுவாணித் தண்ணீர் குடிக்கிறவனுக்குப் படிவுத் தொல்லை வராதுதான், ஆனால் அவ்வளவு உப்புக் குறைந்த தண்ணீரில் இந்த மெஷின் திணறும், தவிர அந்தத் தண்ணீரின் சுவைக்கு இதெல்லாம் எதற்கு? எங்களைப் போன்ற உப்புத்தண்ணீர்க்காரர்களும் வாங்க வேண்டாம். என்னுடையதை விற்றுவிடலாமே என்று அவன் திருப்பிக் கேட்டான். விற்பதாக இல்லை. சிட்ரிக் ஆசிட் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், புது செல்லை மாதத் தவணையில் தருவார்களா என்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.