வாணலியில் ஏழு எழுத்து

திருச்சியில் 22 ஆண்டுகளாகச் சிறிய மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் மூன்றரைக்கு அடங்கும். ஐந்து மணிக்கு வடைக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்தில் தூங்கினால் எழுந்திருக்க மனம் வராது. அதற்காகத்தான் என் மகன் இந்தச் சொல் விளையாட்டை என் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்தான். நான்கு மாதமாக ஆடுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயரை எழுதவில்லை. 2017-இல் வந்த வேர்ட்ஸ்கேப்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டை ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், அதே அச்சுதான். கீழே வட்டத்தில் ஆறேழு ஆங்கில எழுத்துகள். விரலால் இழுத்துச் சொல்லாகச் சேர்த்தால் மேலே உள்ள குறுக்கெழுத்துக் கட்டத்தில் போய் உட்காரும். இதில் வட்டத்துக்குப் பதில் வாணலி. எழுத்துகளைக் கலைத்துப் போட வேண்டுமென்றால் கரண்டியைத் தொட வேண்டும். 'சொய்ங்' என்று தாளிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நன்றாகவே இருக்கிறது. கடுகு போதுமான அளவு காய்ந்த எண்ணெயில் விழுந்த சத்தம்.

என் கணவருக்கு இது குறுக்கெழுத்தே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பேனாவும் கையுமாக உட்காருகிறவர் அவர். "1913 டிசம்பரில் ஆர்தர் வின் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் போட்ட முதல் கட்டத்துக்கே குறிப்பு கொடுத்திருந்தார். குறிப்பில்லாத கட்டம் உப்பில்லாத குழம்பு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் குறிப்பு கொடுத்திருந்தால் முதல் நாளே மூடி வைத்திருப்பேன். எழுத்துகளை மட்டும் கண்முன் போட்டு, 'இருப்பதை வைத்துச் சமை' என்று சொல்கிற இந்த முறை எனக்குப் பழகியது. மாதக் கடைசியில் வீட்டில் செய்வதும் அதுதானே. கடிகாரம் ஓடாததும் பெரிய நிம்மதி. பாதியில் விட்டுவிட்டுப் பால்காரருக்குக் காசு கொடுத்து வந்தாலும் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.

சமையல் என்று சொல்லிக்கொண்டாலும் முக்கால்வாசி அது வெறும் பூச்சு. 'சூப் கடை' என்று ஒரு நிலைக்குப் பெயர். உள்ளே வருவதெல்லாம் ரயில், மழை, குதிரை. ஆனால் சில நாள் தானாகவே கூடி வரும். ஒருமுறை எஸ், பி, ஐ, என், ஏ, சி, எச் என்று ஏழு எழுத்து விழுந்தது. முழுச் சொல் ஸ்பினாச், அதாவது பசலைக்கீரை. அதற்குள்ளிருந்தே வாணலிக்கு 'பான்' வந்தது, வறுவலுக்குச் 'சிப்' வந்தது, சிட்டிகைக்குப் 'பிஞ்ச்' வந்தது. கீரை, வாணலி, ஒரு சிட்டிகை உப்பு என்று ஒரு பொரியலே ஆகிவிட்டது. கடைசியில் பதற்றத்துக்குப் 'பானிக்' என்றும் ஒன்று வந்தது. பந்திக்கு இலை போட்ட பிறகு சோறு வேகவில்லை என்று தெரிந்தால் அதுவும் சமையலறைச் சொல்தான்.

மொழி அமெரிக்க மொழி. பள்ளியில் மிளகாய்க்கு இரண்டு 'எல்' போட்டுப் படித்தோம். இவர்களுக்கு ஒன்று போதும். வெண்டைக்காய் 'ஓக்ரா', கத்தரிக்காய் 'எக்பிளாண்ட்', கொத்தமல்லித் தழை 'சிலாண்ட்ரோ'. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

எரிச்சல் தீராத இடம் விளம்பரம். இரண்டு நிலைக்கு ஒரு முறை அரை நிமிடம் ஓடுகிறது. மூடுகிற குறி கடுகளவு; மாவுக் கையோடு தொட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. விளம்பரத்தை நிறுத்த 349 ரூபாய் கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு என் கடையில் நான்கு பேர் சாப்பிட்டு, மீதிக்கு ஒரு வடையும் தின்னலாம். நான் கொடுக்கவில்லை. டேட்டாவை அணைத்துவிட்டு ஆடினால் விளம்பரம் வருவதில்லை என்பதைப் பக்கத்துக் கடைப் பையன் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து நிம்மதி.

சொல் வராமல் உதவி கேட்டால் அதன் விலையும் கொள்ளை. ஒரு நிலை முடித்தால் 20 நாணயம் தருகிறார்கள். கட்டத்தில் ஒரு எழுத்தைத் திறக்க 100 கேட்கிறார்கள். இதில் நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'காலை உணவு' என்ற வரிசையில் ஒரு நிலை. சி, ஓ, என், ஜி, இ, இன்னொரு இ. 'ஒன்ஸ்', 'கான்', 'கோன்' எல்லாம் வந்துவிட்டன. ஆறெழுத்துச் சொல் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் கரண்டியைத் தட்டித் தட்டி எழுத்துகளைப் புரட்டினேன். பொறுக்க முடியாமல் மூன்று எழுத்தைத் திறந்தேன். பதினைந்து நிலைகளில் சேர்த்த காசு போனது. வந்த சொல் 'காங்கீ'. வெங்காயத் தாள் தூவிய சீனக் கிண்ணம் ஒன்றின் படம் எழுந்தது. என்னவென்று மகனைக் கேட்டேன். அகராதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நம் கஞ்சிதான் போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆகியிருக்கிறதாம். 22 வருடமாக விடியற்காலையில் கஞ்சி காய்ச்சுகிறவள், அந்தக் கஞ்சியை அடையாளம் காண 300 நாணயம் கட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இதைத் தமிழில் செய்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் வந்தது. ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கத்தரிக்காயைப் பிரித்தால் க, த், த, ரி, க், கா, ய் என்று ஏழு. எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஏ'யும் 'ஐ'யும் தனித்தனியாகக் கிடப்பதால் எதோடும் ஒட்டும். நமக்கு உயிர் மெய்யோடு கலந்துவிடுகிறது. 'ரி' கடைசி வரை 'ரி'தான், அதை 'ரா' ஆக்க முடியாது. புள்ளி வைத்த எழுத்து சொல்லின் முதலில் நிற்காது. ஏழில் மூன்று புள்ளி எழுத்து. இது தேறாது என்றுதான் நினைத்தேன். காய், கரி, கத்தரி வந்தன. கொஞ்சம் யோசித்ததும் காக்க, காய்த்த, காய்க்க, தரிக்க வந்தன. ஏழு எழுத்துக்கு இது குறைவில்லை. கொத்தமல்லியிலும் மல்லி, கொத்த, கொல்லி என்று கிடைக்கின்றன. 247 எழுத்தையும் வைத்துக்கொண்டு யாராவது நல்ல வாணலி ஒன்று செய்தால் 349 ரூபாயை யோசிக்காமல் கொடுப்பேன்.

தினமும் சாப்பிட வரும் கல்லூரிப் பையன் ஒருவன் ரசத்துக்குக் காத்திருந்தபோது அந்தப் பில்லைப் பார்த்தான். "காரி விட்டுப்போச்சே அம்மா" என்றான். ஊர்ப்பேர், ஆள்பேர் எல்லாம் கணக்கில் வராது என்றேன். கடையெழு வள்ளல்களில் ஒருவரை அப்படித் தள்ளக்கூடாது என்று வாதாடினான். சேர்த்துக்கொண்டேன். இன்னும் ஒரு சொல் இருக்கிறது, நாளை வந்து சொல்கிறேன் என்று பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதன் முன்பக்கத்தில் காய்கறிக் கடைக்காரருக்கு நான் தர வேண்டிய கணக்கு இருக்கிறது.