ஒதுக்கீடு குறையும்போது எதை விடுவது? பொருளியல் வளர்ச்சி அமைப்புக்கு முன்னுள்ள வழிகள்

பொருளியல் வளர்ச்சிக்கென இயங்கும் அரசு அமைப்பு ஒன்றின் ஒதுக்கீடு குறையும்போது, அதன் தலைமைக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: எல்லாத் திட்டங்களிலும் சமமாகக் குறைப்பது, வேறோர் அமைப்புடன் இணைவது, சில பணிகளை அடியோடு கைமாற்றிவிடுவது. மூன்றுமே சிங்கப்பூரில் வெவ்வேறு காலங்களில் நடந்திருப்பதால் ஊகத்தில் பேச வேண்டியதில்லை. மூப்படையும் சமூகத்தின் சுகாதாரச் செலவு ஏறிவருகிறது. பொருள், சேவை வரி 2024இல் 9 விழுக்காடானது. ஒவ்வோர் அரசாங்கமும் தன் தவணைக்குள் வரவையும் செலவையும் ஈடுகட்டியாக வேண்டும். எனவே ‘கையில் உள்ளதைக் கொண்டு செய்’ என்ற உத்தரவு எந்த ஆண்டும் வரக்கூடியதுதான்.

சமக் குறைப்புக்கு 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அமைச்சுகளின் செலவு உச்சவரம்பு அப்போது நிரந்தரமாக 2 விழுக்காடு குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இதில் யாரும் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் சிறு மானியங்களை வழங்கும் அமைப்புக்கு இது பொருந்துவதில்லை. தேக்காவில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், கல்லாவையும் சரக்கிருப்பையும் இணைக்கும் மென்பொருளுக்காக உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் கேட்கிறார் என்று கொள்வோம். அவர் கார்ப்பாஸ் எனப்படும், நிறுவனங்களுக்கான அரசு இணைய அடையாளக் கணக்கின்வழி இணைய வாசலுக்குள் சென்று, முன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் விலைப்புள்ளியை இணைக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் விற்பனையாளருக்கு முன்பணம்கூடக் கொடுத்திருக்கக் கூடாது. ஒப்புதல் கிடைத்த பிறகு தொகையைத் தாமே செலுத்தி, ரசீதுகளைக் காட்டி, தகுதிபெறும் செலவில் அதிகபட்சம் பாதியைத் திரும்பப் பெறுவார். மானியம் 2,000 வெள்ளியாக இருந்தாலும் 20,000 வெள்ளியாக இருந்தாலும் கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் வேலை ஏறத்தாழ ஒன்றே. மானியத் தொகையைச் சற்றுக் குறைத்தால் கடைக்காரருக்குப் பலன் குறையுமே தவிர, அமைப்பின் சுமை அப்படியே இருக்கும்.

இணைப்புக்கு எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் சான்று. உள்ளூர் நிறுவனங்களை மேம்படுத்திய ஸ்பிரிங் அமைப்பும், அவற்றை வெளிநாட்டுச் சந்தைக்கு அழைத்துச் சென்ற ஐஇ சிங்கப்பூரும் 2018 ஏப்ரல் 1ஆம் தேதி இணைந்து இந்த ஒரே அமைப்பாயின. வளரும் நிறுவனம் இரண்டு வாசல்களில் ஏறி இறங்க வேண்டாம் என்ற நோக்கம் சரியானதே. எனினும் இணைப்பில் மிச்சமாவது பெரும்பாலும் நிர்வாகச் செலவுதான். கடன் உதவி முதல் தேசியத் தரநிலைகள் வரை இரண்டு அமைப்புகளின் பொறுப்புகளும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அணுகுவதற்கு வசதி கூடியது உண்மை, ஆனால் அது முனைப்பைக் கூர்மையாக்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வழியையே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1961 ஆகஸ்ட் 1ஆம் தேதி 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீட்டுடன் தொடங்கியபோது, முதலீட்டாளர்களை அழைப்பது, ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைப்பது, தொழில்களுக்குக் கடன் கொடுப்பது என எல்லாமே அதன் தலையில் இருந்தன. 1968இல் தொழிற்பேட்டைகள் ஜூரோங் நகராண்மைக் கழகத்துக்கும், தொழிற்கடன் டிபிஎஸ் வங்கிக்கும் சென்றன. முதலீட்டை ஈர்ப்பதே பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் முதன்மைப் பணியாக எஞ்சியது. அது பணத் தட்டுப்பாட்டால் வந்த முடிவன்று, வேலைச்சுமையால் வந்தது. ஆயினும் அதில் இன்றைக்கும் பயன்படும் ஒன்று இருக்கிறது: கைமாறிய இரண்டு பணிகளுக்கும் சொந்த வருமானம் இருந்தது. ஒன்றுக்கு வாடகை, மற்றொன்றுக்கு வட்டி. பின்னாளில் டிபிஎஸ் தென்கிழக்காசியாவின் ஆகப் பெரிய வங்கியாகவே வளர்ந்தது.

இதோடு, சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான பணி பட்ட பாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். 1985ஆம் ஆண்டுப் பொருளியல் மந்தத்துக்குப் பிறகு கழகம் அதைத் தனிப் பிரிவாக நடத்தியது. 1996இல் அது உற்பத்தித்திறன், தர வாரியத்துக்குப் போனது. 2002இல் அந்த வாரியம் ஸ்பிரிங் ஆனது. 2018இல் மறுபடியும் இடமாற்றம். ஆலோசனை கேட்டு வரும் சிறு நிறுவனத்திடம் வாடகை வாங்க முடியாது. தன் காலில் நிற்கக்கூடிய பணியைக் கைமாற்றினால் அது வேரூன்றுகிறது, நிற்க முடியாததைக் கைமாற்றினால் செலவு வேறொரு கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே.

மூன்று வழிகளுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: குறைந்த பணம் பெரிய பன்னாட்டு முதலீடுகளுக்கா, ஊழியரணியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வேலைசெய்யும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கா? 2022இல் கழகம் ஈர்த்த நிலைச் சொத்து (கட்டடம், இயந்திரம் போன்றவை) முதலீட்டு உறுதிப்பாடு 22.5 பில்லியன் வெள்ளி; எதிர்பார்க்கப்பட்ட வேலைகள் ஏறத்தாழ 17,100. 2024இல் முதலீடு 13.5 பில்லியனாக இறங்கியும் எதிர்பார்க்கப்பட்ட வேலைகள் ஏறத்தாழ 18,700. ஆகவே பில்லியன் கணக்கை மட்டும் அளவுகோலாக வைப்பது பொருந்தாது. அதோடு, முன்பு வரிச்சலுகை என்பது வராமல் போன வருவாய். செலவுப் பட்டியலில் அது தென்படாது. பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரி 2025இல் நடப்புக்கு வந்ததால் அந்தச் சலுகையின் மதிப்பு சுருங்கிவிட்டது. மாற்றாக 2024இல் அறிவிக்கப்பட்ட முதலீட்டு வரவுத் திட்டத்தில், நிறுவனத்தின் தகுதிபெறும் செலவில் ஒரு பங்கு வரியில் கழிக்கப்படும்; அப்படிக் கழிக்கப்படாத மீதி நான்கு ஆண்டுகளுக்குள் ரொக்கமாகவே திருப்பித் தரப்படும். கூடுதல் வரி வருமானமும் வரும் என்பது சரிதான். ஆனாலும் பெரிய முதலீட்டை அழைப்பது இனிக் கண்ணுக்குத் தெரியும் செலவு.

குறைப்பு இரண்டு மூன்று விழுக்காடு என்றால் சமக் குறைப்பே போதும், அதற்காக அமைப்பைக் கலைத்துப்போட வேண்டாம். பத்து விழுக்காட்டுக்கு மேல் என்றால் சிறு கருவி, மென்பொருள் மானியங்களையே முதலில் நிறுத்துவேன். நிறுவனங்களை நேரில் அறிந்த அதிகாரிகள்மீதும் வெளிநாட்டு அலுவலகங்கள்மீதும் கடைசியாகவே கைவைப்பேன். சில்லுகள் தயாரிக்கும் பகுதிமின்கடத்தி ஆலை ஒன்றைக் கொண்டுவரப் பல ஆண்டுப் பேச்சு தேவைப்படும். அந்த அறிமுகத்தை இழந்தால் அடுத்த ஆண்டின் பணத்தைக் கொண்டு வாங்கிவிட முடியாது.

தேக்கா கடைக்காரருக்கு இது இழப்பே. அவருக்குக் கடன் இடரில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் நிதியுதவித் திட்டத்தின்வழி வங்கிக் கடன் கிடைக்கச் செய்யலாம். கொடுத்த கடன் திரும்பி வராமல் போகும்போதே அதன் பெருஞ்செலவு அரசின்மேல் விழும். ஆலோசனைக்குச் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபை போன்ற சபைகள் நடத்தும் நிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சொந்த வருமானம் குறைவு என்பதால், அவற்றின் நிதியையும் சேர்த்து வெட்டினால் இந்த ஏற்பாடு நிற்காது.